பிராணவாயுவும் இருதய நோயும்

மழையில் கிடந்த கலப்பைக் கொழு துருப்பிடிப்பதையும், நாட்பட்ட கடலையெண்ணெய் காறிப்போவதையும் கொட்டாம்பட்டி வயற்புறங்களில் நாம் கண்டிருக்கிறோம். இரண்டும் பிராணவாயுவின் செயலே. நம்மை வாழ்விக்கும் அவ்வாயு நம் உடலினுள்ளும் இத்தகைய கேட்டை விளைவிக்கக்கூடும்.

உயிரணுக்கள் பிராணவாயுவின் துணையால் உணவை எரித்து வலிமை பெறுங்கால், பிற பொருள்களைத் தாக்கும் சில துணுக்குகளும் தோன்றுகின்றன. அவற்றை அடக்கும் ஆற்றல் உடலுக்குண்டு. புகையிலைப் புகை, நீரிழிவு, மிகு இரத்த அழுத்தம் ஆகியவற்றால் அவை அளவிறந்து பெருகின், இரத்தக் குழாயின் சுவரிற் புகுந்த கொழுப்பு, காறிய எண்ணெய்போற் கெடுகின்றது. அதனை அகற்றவரும் வெள்ளணுக்கள் அதனை விழுங்கி, நுரைபோற் பருத்து, அங்கேயே தங்கிவிடுகின்றன. அவ்விடம் தடித்து, ஒருநாள் வெடிக்க, இரத்தம் உறைந்து வழியை அடைக்கின்றது. இதுவே மாரடைப்பு.

அங்ஙனமாயின், இக்கேட்டைத் தடுக்கும் உயிர்ச்சத்து மாத்திரைகளை உண்டாற் போதாதோ எனின், போதாது. கேரளத்திற் பிறந்த மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 9,500-க்கு மேற்பட்டோரிடம் 'ஈ' உயிர்ச்சத்தைச் சோதித்து, 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், அதனால் இருதயத்திற்குப் பயன் காணப்படவில்லை. அவரே முன்னின்று 52 நாடுகளில் நடத்தி, 2004-இல் வெளிவந்த ஆராய்ச்சியோ, புகைத்தல் பெருங்கேடென்றும், நாள்தோறும் காய்கனி உண்டலும் உடலுழைப்பும் நற்காப்பென்றும் காட்டிற்று.

ஆதலின் நம் ஊரார் பீடியை விடுத்து, சந்தைக் கீரையையும் கனியையும் விரும்பி உண்பாராக. மருத்துவர் விதித்த மருந்தைக் கைவிடாதிருப்பாராக. நெஞ்சுவலி கண்டவிடத்து, வாயுப்பிடிப்பென்று வாளாவிராது, உடனே மருத்துவமனை சேர்வாராக.