தொலைவில் நின்று விமானத்தைப் படம் பிடிக்கலாம்

திருச்சுழிப் பக்கம் கண்மாயில் தண்ணீர் கிடக்கும் நாளில், எதிர்க்கரையில் துணி துவைப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? துணி கல்லில் விழுவது முதலில் தெரியும். 'தப்' என்ற ஓசை சற்றுப் பிந்தித்தான் வரும். நம் வெயிலில் ஒலி காற்றினூடே விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்கிறது. ஒளிக்கோ அந்தத் தூரம் ஒரு பொருட்டே அல்ல.

இந்தச் சிறு உண்மையை விமானத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். 2024 அக்டோபர் 6 அன்று, இந்திய விமானப்படையின் 92-ஆம் ஆண்டு நிறைவையொட்டிச் சென்னை மெரினா கடற்கரையில் வான்சாகசக் காட்சி நடந்தது. காலை 11 மணிக்குத் தொடங்கி 1 மணி வரை 72 விமானங்கள் கலந்துகொண்டன. கடற்கரையில் பல இலட்சம் மக்கள் கூடினார்கள். வெயிலும் தாகமும் நெரிசலும் தாங்காமல் நூற்றுக்கணக்கானோர் மயங்கினர். 5 பேர் இறந்தே போனார்கள். அதே நேரத்தில், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பகுதிகளின் மொட்டை மாடிகளில் குடையும் தண்ணீர்ச் செம்புமாக நின்று பார்த்தவர்களும் உண்டு. அவர்களுக்கு நல்ல படம் கிடைக்க வழி உண்டா? உண்டு என்றே கணக்கு சொல்கிறது.

விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போவதாகக் கொள்வோம். விநாடிக்கு 250 மீட்டர் ஆகிறது. உங்களுக்கும் அதற்கும் இடையே 2 கி.மீ. தூரம் இருந்தால், அதன் ஓசை உங்கள் காதுக்கு வர ஏறக்குறைய 6 விநாடி ஆகும். அதற்குள் விமானம் ஒன்றரை கி.மீ. முன்னே போயிருக்கும். ஓசை வந்த திசையில் காமிராவைத் திருப்பினால் வெறும் வானம்தான் படத்தில் விழும். காதை நம்பாமல், ஓசைக்கு முன்னால் கண்ணை ஓட்டித் தேட வேண்டும்.

இனி, தூரத்தில் நிற்பதால் வரும் ஆதாயத்தைப் பாருங்கள். 200 மீட்டர் தொலைவில் அந்த விமானம் உங்களைக் கடந்தால், அதைத் தொடர்வதற்குக் காமிராவை விநாடிக்கு 70 பாகைக்கு மேல் திருப்பியாக வேண்டும். யாராலும் எளிதில் முடியாது. 2 கி.மீ. தொலைவில் என்றால் 7 பாகை போதும். கழுத்தை நிதானமாகத் திருப்பும் வேகம்தான் அது. கூட்டத்துக்குள் இடிபடுகிறவருக்கு இந்த வசதி ஏது?

நட்டமும் இருக்கிறது, உருவம் சிறுத்துவிடும். ராஃபேல் விமானம் சுமார் 15 மீட்டர் நீளம். 50 மி.மீ. குவியத்தூரமுள்ள லென்ஸ் வழியே, 2 கி.மீ. தொலைவிலிருந்து எடுத்தால் காமிராவின் சென்சாரில் அதன் பிம்பம் 0.4 மி.மீ. கூட வராது. 300 மி.மீ. லென்ஸ் என்றால் 2 மி.மீ.க்குச் சற்று அதிகம் கிடைக்கும். கைபேசியில் ஒரு புள்ளிதான் விழும். ஆகவே கைபேசி வைத்திருப்பவர்கள் தனி விமானத்தின் பின்னே ஓட வேண்டாம். 9 விமானங்கள் சேர்ந்து பறக்கும் சூர்யகிரண் அணி வானத்தில் இழுக்கும் புகைக்கோடுகளை எடுங்கள். கீழே ஒரு கோபுரமோ மாடி மனிதர்களோ சேர்ந்து வந்தால் படம் இன்னும் பேசும்.

ஷட்டர் வேகம் எவ்வளவு? விநாடியில் 1000-இல் ஒரு பங்கு நேரத்துக்குள் விமானம் 25 செ.மீ. நகர்ந்துவிடும். காமிராவை அசைக்காமல் வைத்தால் லேசான மங்கல் தெரியும். விமானத்தோடு கூடவே திருப்பிக்கொண்டு எடுத்தால் அது மறைந்துவிடும். ஹெலிகாப்டருக்கு இதே வேகம் வைக்காதீர்கள். 'சாரங்' அணியின் துருவ் ஹெலிகாப்டரில் பெரிய விசிறி விநாடிக்கு 5 சுற்றுதான் சுற்றுகிறது. 1000-இல் ஒரு பங்கில் அது நின்றுபோனதுபோல் விழும். பார்க்கிறவர் 'ஏன் கீழே விழவில்லை?' என்று கேட்பார். 125-இல் ஒரு பங்கு வைத்தால் விசிறி சுழல்வது தெரியும்.

அடுத்தது கதிரவன் நிற்கும் இடம். அன்று காலை 11 மணிக்குக் கதிரவன் தென்கிழக்கில், உயரத்தில் நின்றான். நகருக்குள்ளிருந்து கிழக்கே கடலைப் பார்த்தவர்களுக்கு அது எதிர்வெயில். 12 மணிக்குப் பின் அவன் தென்மேற்கே சாயச் சாய, அதே மாடிகளுக்கு வெளிச்சம் முதுகுப் பக்கம் வந்தது. தெற்கே பெசன்ட் நகரிலிருந்து வடக்கே நோக்கியவர்களுக்கோ முழு நேரமும் வெயில் முதுகில்தான். இடம் தேர்ந்தெடுக்கும்போது வரைபடத்தையும் கடிகாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். உச்சி வெயிலில் விமானத்தின் வயிற்றுப்புறம் இருண்டு விழும்; ஒளியளவை ஒரு படி கூட்டுங்கள். செங்குத்தாக ஏறும் விமானத்தை லென்ஸ் வழியே தொடரும்போது கதிரவன் குறுக்கிட்டால் உடனே கண்ணை எடுத்துவிடுங்கள். ஒரு கணம் போதும், விழித்திரை கெட்டுவிடும்.

சாகச விமானத்தை வானில் படம் எடுப்பது வேறு. விமானத் தளத்தைப் படம் எடுப்பது வேறு. இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் உள்ள கடற்படைத் தளம் போன்ற இடங்களின் சுவருக்கு அருகே காமிராவை எடுக்கவே கூடாது. சட்டப்படி அது குற்றம். கேமரா டிரோன் பறக்கவிடுவதையும் நினைக்காதீர்கள். பருந்து ஒன்று எஞ்சினில் சிக்கினாலே விமானத்துக்கு ஆபத்து. உலோகமும் பாட்டரியும் கொண்ட டிரோன் சிக்கினால் கேட்க வேண்டுமா?

சரி, அருப்புக்கோட்டையில் வான்சாகசம் ஏது என்று கேட்பீர்கள். பழகிக்கொள்ள விமானம் வேண்டியதில்லை. மதுரை - தூத்துக்குடி நாற்கரச் சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் பஸ், விநாடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. சாலையிலிருந்து 180 மீட்டர் உள்ளே தள்ளிக் கரிசல் காட்டில் நின்று பாருங்கள். அந்த பஸ்ஸைத் தொடர நீங்கள் திரும்பும் வேகமும், 2 கி.மீ. தொலைவில் போகும் போர்விமானத்தைத் தொடரத் திரும்பும் வேகமும் ஒன்றே! பஸ் முழுவதையும் குறி வைக்க வேண்டாம். முன்சக்கரத்தை மட்டும் வையுங்கள். சுமார் 1 மீட்டர் குறுக்களவுள்ள அந்தச் சக்கரம், அங்கிருந்து பார்க்கையில் தொலைவிலுள்ள ராஃபேலைவிடச் சற்றுச் சிறிதாகத்தான் தெரியும். சாலை ஓரத்துக்குப் போக வேண்டிய தேவையே இல்லை.

காலை 7 மணிக்கு 10 படம் எடுங்கள். பிறகு பகல் 12 மணிக்கு ஒரு கருவேல மர நிழலில் நின்று அதே இடத்திலிருந்து இன்னும் 10 படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுட்ட மண்ணையொட்டிய காற்றில் ஒளி தாறுமாறாக வளைவதால், நண்பகல் படத்தில் சக்கரம் நெளிந்து, தண்ணீரில் மிதப்பதுபோல் இருக்கும். கையும் காமிராவும் செய்த தவறல்ல அது. கானல் செய்த வேலை. மொட்டை மாடியிலிருந்து அடிவானத்தை ஒட்டிப் போகும் விமானத்தை எடுத்தால் இதே நெளிவு வரும். அது தலைக்கு மேலே ஏறும்வரை காத்திருந்தால் வராது.