பிள்ளையின் முழுமையான விருத்தியும் ஆரம்பக் கல்வியும்

கல்வி என்றதும் எம்மவர் பலரது மனதில் முதலில் தோன்றுவது பரீட்சைப் புள்ளியே. ஆனால் பிள்ளை மூளை மட்டும் கொண்டதன்று. உடல், மொழி, மனவெழுச்சி, பிறருடன் பழகும் பாங்கு, ஒழுக்கம் ஆகிய யாவும் ஒன்றாகவே வளர்கின்றன. இதனையே கல்வியியலாளர் முழுமையான ஆளுமை விருத்தி என்பர்.

இச்சிந்தனை புதியதன்று. ஜேர்மனியில் புரோபல் என்பவர் 1837இல் சிறுவர்க்கென ஒரு நிலையத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குச் 'சிறுவர் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். விளையாட்டே அங்கு பாடம். வைத்தியரான மரியா மொண்டிசோரி அம்மையார் 1907இல் உரோம் நகரின் வறிய குடியிருப்பொன்றில் தமது முதலாவது சிறுவர் இல்லத்தை அமைத்தார். 1944இல் அவர் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார்.

இன்று எமது கிராமங்களில் முன்பள்ளி இல்லாத இடம் அரிது. ஆயினும், "மூன்றரை வயதாகிவிட்டது, இன்னும் எழுதப் பழக்கவில்லையே" என்று ஆசிரியையிடம் குறைப்படும் பெற்றோரும் அநேகர். அவ்வயதில் மணிக்கட்டு எலும்புகள் முழுமையாக உருவாகியிருப்பதில்லை. விரல்களின் சிறுதசைகளும் பென்சிலை நெடுநேரம் பிடிக்கப் பக்குவப்பட்டிருப்பதில்லை. களிமண் உருட்டுதல், பூக்கோத்தல், காகிதம் கிழித்து ஒட்டுதல், மணலில் கோடு கீறுதல் என்பனவே அக்கைகளை எழுத்துக்கு ஆயத்தம் செய்கின்றன. ஏடு தொடக்கும்போது அரிசியில் விரலால் எழுதுவிப்பதும், பழைய திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதப் பழக்கியதும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கத்தக்கவை. கொப்பி நிறைய எழுத்து இருந்தால்தான் நல்ல முன்பள்ளி என்பது பிழையான அளவுகோல்.

மனவெழுச்சி பற்றியும் ஒரு வார்த்தை. போரும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் எமது பிள்ளைகள் பலரைப் பேச்சற்றவர்களாக்கின. மட்டக்களப்பில் 1990களின் நடுப்பகுதியில் உருவான வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரினால் பாதிக்கப்பட்ட சிறுவர்கள் வரைந்தும் களிமண்ணில் உருவம் செய்தும் கதை சொல்லியும் தம் உள்ளத்தைத் திறக்க இடமளிக்கப்பட்டது. சித்திரமும் கதையும் நேரப்போக்கு என்று நினைப்போர் இதனைக் கவனிக்க வேண்டும்.

பாடசாலைக்கு வருவோம். 1990களின் இறுதியில் அறிமுகமான ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தரம் 1, 2 முதலாம் நிலை, தரம் 3, 4 இரண்டாம் நிலை, தரம் 5 மூன்றாம் நிலை என வகுத்தது. முதலாம் நிலையில் விளையாட்டும் செயற்பாடும் மிகுதி. எழுத்து வேலை படிப்படியாகவே கூட வேண்டும். ஏட்டில் இருப்பது இது. நடைமுறையிலோ தரம் 3 தொடங்கியதும் புலமைப்பரிசில் பரீட்சைக்கான பிரத்தியேக வகுப்பு வந்துவிடுகின்றது. வறிய மாணவர்க்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையில் இடமும் கிடைக்க வழிசெய்யும் பரீட்சை அது. அதன் பயனை நாம் மறுக்கவில்லை. வெட்டுப்புள்ளிக்குக் கீழ் நின்ற பத்து வயதுப் பிள்ளையை உறவினர் முன்னிலையில் ஏசுவதையே மறுக்கின்றோம். பெறுபேறு வெளியாகும் வாரத்தில் அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளியை விசாரிக்காமல் இருப்பதும், மாலையில் ஒரு மணி நேரமாவது கிளித்தட்டு விளையாட விடுவதும் எந்தப் பெற்றோராலும் செய்யக்கூடியவையே.