பள்ளி அறிவியல் வகுப்பில் மின்னணு உணரிகள்

விழும் பொருளின் முடுக்கத்தைக் கணக்கிடும் சோதனை பள்ளிப் பாடங்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வருவதாகும். 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஓர் இரும்புக் குண்டு தரையை அடைய ஏறத்தாழ 0.247 வினாடி பிடிக்கும். நிறுத்துகடிகாரத்தை வைத்திருக்கும் மாணவரின் கண் கண்டதைக் கை செயற்படுத்தவோ சுமார் 0.2 வினாடி தேவைப்படுகிறது. அளக்க வேண்டிய காலமும் அளப்பவரின் தாமதமும் இவ்வளவு நெருங்கியிருக்கும்போது கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை. எனவே மாணவர் பாடநூலிலுள்ள 9.8 என்னும் விடையை முன்வைத்துக்கொண்டு, அதற்கேற்ற காலத்தைப் பதிவேட்டில் எழுதிவிடுகிறார். அளவீடு என்பது ஒரு சடங்கு என்று அவர் கற்றுக்கொள்வது அங்கேதான்.

இக்குறையை நீக்க மின்னணு உணரிகள் உதவுகின்றன. உணரி என்பது வெப்பம், ஒளி, அழுத்தம், அமிலத்தன்மை போன்ற ஏதேனும் ஒன்றன் மாற்றத்தை மின்னழுத்த மாற்றமாக்கித் தருவது. அம்மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றிக் கணினிக்கு அனுப்ப ஓர் இடைக்கருவி வேண்டும். புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம், 2004-ஆம் ஆண்டில் தொடங்கிய ஃபீனிக்ஸ் திட்டத்தின் வழியாக, எக்ஸ்ப்ஐஸ் என்னும் அத்தகைய கருவியை உருவாக்கியது. அதன் வடிவமைப்பும் மென்பொருளும் எவரும் பயன்படுத்துமாறு திறந்து வைக்கப்பட்டுள்ளன. மின்காந்தம் குண்டை விடுவிக்கும் கணத்தையும் குண்டு தட்டில் படும் கணத்தையும் அது மிக நுட்பமாகக் குறித்துக்கொள்ளும். மின்காந்தமும் குண்டை விடுவிப்பதில் சிறிது தாமதிக்கவே செய்கிறது. வெவ்வேறு உயரங்களில் அளந்து ஒப்பிட்டால் அத்தாமதத்தை மாணவரே கண்டுபிடித்துவிடலாம். இச்சோதனையில் மிகச் சுவையான பகுதி இதுவே எனலாம்.

ஆயினும் திரையில் தோன்றும் எண்களை அப்படியே நம்புவது புதியதொரு சடங்காகிவிடக் கூடாது. எல்எம்35 என்னும் வெப்பநிலை உணரி ஒரு பாகை செல்சியசுக்கு 10 மில்லிவோல்ட் தருகிறது. 12 பிட் மாற்றி தன் அளவெல்லையை 4,096 படிகளாகப் பிரிக்கிறது. எல்லையைக் கழித்தல் 16 முதல் கூட்டல் 16 வோல்ட் வரை வைத்தால் ஒரு படி ஏறத்தாழ 7.8 மில்லிவோல்ட், அதாவது முக்கால் பாகைக்கும் சற்று அதிகம். திரை மூன்று தசம இடங்களைக் காட்டினாலும் கருவிக்கு அத்தனை நுட்பம் இல்லை. இவ்வகுத்தலை மாணவர் தாமே செய்து பார்க்காத வகுப்பில் உணரி இருந்தும் பயனில்லை.

அளக்கத் தக்க வினாவை அருகிலேயே தேடுதல் நலம். 1949-ஆம் ஆண்டில் கவர்னர் ஜெனரல் இராஜாஜி அடிக்கல் நாட்டிய உல்லாஸ்நகர், பிரிவினையால் இடம்பெயர்ந்த சிந்தி மக்களுக்காக எழுந்த ஊர். அம்பர்நாத்தின் பழைய சிவன் கோயிலை ஒட்டி வரும் வால்துனி ஆறு இவ்வூரின் ஊடே செல்கிறது. ஆலைக் கழிவுகளாலும் நகரச் சாக்கடையாலும் நெடுங்காலமாக மாசுற்ற ஆறு இது. 2014-ஆம் ஆண்டில் இதில் கொட்டப்பட்ட வேதிக் கழிவிலிருந்து எழுந்த நச்சுப் புகையால் நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். இங்குள்ள மாணவருக்கு அமிலத்தன்மை என்பது பாடநூலில் மட்டும் உள்ள சொல் அன்று.

ஆசிரியர் கையுறையணிந்து எடுத்துவரும் நீரில் மாணவர் முதலில் பார்க்க வேண்டியது பிஎச் மதிப்பு. அளக்குமுன் 4, 7 ஆகிய மதிப்புடைய தாங்கல் கரைசல்களில் உணரியைத் தோய்த்துச் சரிபார்த்தல் கட்டாயம். பிஎச் எண்ணில் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்காகும் என்பதையும் அவ்வேளையிலேயே விளக்கிவிடலாம். அடுத்தது நீரில் கரைந்த ஆக்சிசன். தூய நீரே 20 பாகையில் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிசனையும், 30 பாகையில் சுமார் 7.5 மில்லிகிராமையும்தான் கொள்ளும். ஆகவே வெப்பநிலையைக் குறிக்காத ஆக்சிசன் அளவீடு பாதி அளவீடே. கரைந்த திண்மங்களைக் காட்டுவதாகக் கடைகளில் விற்கும் மலிவான கருவியோ உண்மையில் மின்கடத்துதிறனை அளந்து அதைப் பெருக்கிக் காட்டுவது. கரைந்திருப்பது உப்பா, நஞ்சா என்று அது சொல்லாது. நிறமேற்றிய நீரிலும் குறைந்த எண் வரக்கூடும். அதைக் கண்டு ‘நீர் நல்லது’ என எழுதும் மாணவரை ஆசிரியர் தடுத்து நிறுத்த வேண்டும்.

தொடர்ச்சியான பதிவு உணரிகளின் தனிச்சிறப்பாகும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்தால் நாளொன்றுக்கு 144 அளவீடுகள் கிடைக்கும். வகுப்பு நேரத்தில் எடுத்த ஒற்றை மாதிரி, இரவில் நடப்பதைக் காட்டாது. கருவியை ஆற்றில் விட்டுவைத்தல் பள்ளிக்கு இயலாத செயல். பள்ளி மாடியில் தூசி உணரியை வைக்கலாம். ஆனால் மும்பை வட்டாரத்தின் மழைக்கால ஈரக்காற்றில் ஒளிச்சிதறல் வகை உணரி தூசியை மிகைப்படுத்திக் காட்டும். ஈரப்பதத்தையும் உடன் பதிந்து இரண்டையும் ஒரே வரைபடத்தில் இடுதல் நல்ல பயிற்சியாகும்.

இவ்வளவீடுகளை எவர் மீதும் குற்றம் சாட்டப் பயன்படுத்த இயலாது என்பதை அலுவலர்கள் விளக்கிச் சொல்லுதல் வேண்டும். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் மாதிரி எடுப்பதற்கும் முத்திரையிடுவதற்கும் தனி முறைகளை விதித்துள்ளது. எனினும் எங்கே, எந்நேரம் மாதிரி எடுத்தல் தகும் என்பதற்கு மாணவர் வரைபடம் வாரியத்துக்கு ஒரு குறிப்பாகலாம்.

செலவைப் பொறுத்தவரை, 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்கக் கூடத் திட்டம் தேர்ந்தெடுக்கப்படும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. நிறுவுவதற்கு 10 லட்சம், 5 ஆண்டுகள் வரை நடத்துவதற்கு 10 லட்சம். முதற்பாதி விரைவில் பொருளாக மாறிவிடுகிறது. பயன் முழுதும் இரண்டாம் பாதியைச் சார்ந்தது. பிஎச் உணரியின் கண்ணாடிக் குமிழ் உலர்ந்தால் கெட்டுவிடும்; அதைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைத்திருக்க வேண்டும். கோடை விடுமுறைக்குப் பள்ளியைப் பூட்டுமுன் அக்கரைசலை நிரப்பும் பொறுப்பு யாருடையது என்று பொருட் பதிவேட்டிலேயே பெயர் குறித்து எழுதிவைக்க வேண்டும்.