பாறை அடுக்குகளும் கிணற்றுக் கடனும்

கிணறு வெட்டக் கடன் கொடுக்கும் சங்கமும், அதனைப் பெறும் அங்கத்தினரும் ஒரு விஷயத்தை அறிந்திருத்தல் அவசியம். பூமியின் கீழே எவ்விடத்தும் ஒரே பாறை இல்லை. இதனை ஆராயாது வெட்டிய கிணறு வறண்டால் கடன் மட்டுமே மிஞ்சும்.

கோடையில் ஏரியில் வண்டல் எடுக்கும்போது வெட்டிய பக்கத்தைக் கவனியுங்கள். பருமணல், நுண்மணல், களி என வரிவரியாகத் தோன்றும். வெள்ளம் விரைந்து வந்தபோது மணல் படிந்தது; நீர் அசைவற்று நின்றபோது களி படிந்தது. கடலடியிலும் இவ்வாறே. மேற்படிவின் பாரத்தால் கீழ்ப்படிவு இறுகுகிறது. நீரில் கரைந்த சுண்ணாம்பு முதலியவை மணலைப் பிணைக்கின்றன. நெடுங்காலத்தில் அது கல்லாகிறது. இதுவே படிவுப் பாறை. தலைகீழாகப் புரளாத அடுக்குகளில் அடியில் உள்ளதே மூத்தது.

எரிமலைப் பாறையின் பிறப்பு வேறு. பூமியினின்று வெளிவந்த அக்கினிக் குழம்பு பரவி ஆறி இறுகுவதே அது. கோதாவரிக் கரையில், ராஜமகேந்திரவரத்தை அடுத்த பகுதியில், சுமார் 6½ கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய குழம்புப் பாறையின்மேல் பிற்காலத்து மணற்கல் படிந்துள்ளது. குழம்புப் பாறைகளின் நடுவிலும் கிளிஞ்சல் பொதிந்த சுண்ணாம்புக்கல் உண்டு. முதற்குழம்பு ஆறியபின் அங்கே நீர் தேங்கிப் படிவு உண்டாயிற்று. அதன்மேல் மறுகுழம்பு பாய்ந்தது.

எது மூத்தது என்று அறிவது எங்ஙனம்? படிவினுள் அடிப்பாறையின் உருண்டைக் கற்கள் புதைந்திருந்தால் அடிப்பாறையே மூத்தது. இல்லாத கல்லை நீர் உருட்டி வருமோ? குழம்பு பின்னால் வந்ததாயின், அது தொட்ட படிவு சூளையிலிட்ட மண்ணைப்போல் வெந்திருக்கும்.

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கங்களில் அடிப்பாறை எரிமலைக் குழம்பன்று. பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவான மிகப் பழைய கருங்கல். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் அதன்மேல் பரவியது. ஊட்டத்தூர்ப் பக்கத்து அடிப்படிவுகளில் அக்கருங்கல்லின் உருண்டைகள் இன்றும் காணப்படுகின்றன. அடுக்குகள் கிழக்கு நோக்கிச் சிறிது சரிந்துள்ளமையால், மேற்கோரத்தில் படிவு மெலிந்தும் கிழக்கே தடித்தும் இருக்கும்.

இதனால் விவசாயிக்கு ஆகும் பயன் யாது? மணற்கல் தன் நுண்துளைகளில் நீரைத் தாங்கித் தரும். களியடுக்கு நீரை உறிஞ்சினும் எளிதில் விடாது. சிலவிடங்களில் அந்நீர் உவர்ப்பாகவும் இருக்கும். கருங்கல்லிலோ வெடிப்புகளிலும், மேலே உளுத்துப்போன பாகத்திலும் மட்டுமே நீர் நிற்கும். ஆகையால் அடுத்த நிலத்துக் கிணற்றில் நீர் இருப்பதொன்றே போதிய சாட்சியாகாது.

கடன் மனுவை முடிவு செய்யுமுன், சுற்றிலுமுள்ள கிணறுகளிலிருந்து எடுத்துப் போட்ட மண்ணையும் கல்லையும் பஞ்சாயத்தார் நேரில் பார்வையிடுக. எத்தனை அடியில் மணல், எத்தனை அடியில் களி, எங்கே கருங்கல் தட்டிற்று என்பவற்றைக் கேட்டுச் சங்கத்தில் ஒரு புத்தகத்தில் குறித்து வைக்கவும். இன்று வறண்ட ஒரு கிணற்றின் கணக்கு, நாளை மற்றோர் அங்கத்தினரின் நிலத்தைக் கடனினின்று காக்கும்.