பம்ப் ஷாட்கன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் சொந்த வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களில் துப்பாக்கிப் பேச்சு இப்போது சகஜமாகிவிட்டது. தங்க நகைக்காகவே இந்தியக் குடும்பங்களைக் குறிவைத்து நடந்த கொள்ளைகள் நியூ ஜெர்சி, மிச்சிகன், டெக்சாஸ் என்று பல மாநிலங்களில் வழக்காகி, தண்டனை வரை போயிருக்கின்றன. எனவே இந்தப் பயத்தைக் காரணமில்லாத பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பேச்சு முடியும் இடம் பெரும்பாலும் இதுதான்: “கைத்துப்பாக்கி எல்லாம் பழகணும். பேசாம ஒரு பம்ப் ஷாட்கன் வாங்கி வை. விலையும் கம்மி, குறியும் பார்க்க வேண்டாம். சத்தத்தைக் கேட்டாலே ஓடிப் போயிடுவான்.” இதில் விலை கம்மி என்பது மட்டும்தான் சரி. மற்றதை நம்பி இரவில் அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுப்பவர் தன் குடும்பத்தையே ஆபத்தில் தள்ளுகிறார்.

நம் ஊரில் 12 போர் என்று சொல்லும் அதே அளவுக் குழலைத்தான் அமெரிக்காவில் 12 கேஜ் என்கிறார்கள். உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். குழலுக்குக் கீழே முன்னும் பின்னும் நகரும் ஒரு கைப்பிடி இருக்கும். அதைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வந்து விழும். முன்னால் தள்ளினால், தோட்டாக்களை வரிசையாக வைத்திருக்கும் தோட்டாக் குழாயிலிருந்து அடுத்த தோட்டா குழலின் அறைக்குள் ஏறும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் இதைக் கையால் செய்ய வேண்டும்.

நம்பிக்கை: ஓட்டுநர் உரிமமும் பணமும் இருந்தால் யாரும் வாங்கலாம்.

நம்மவர்களில் ஏராளமானோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஹெச்-1பி, எல்-1, ஹெச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். பயிற்சிக் கூடத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்ப்பதும் இதில் அடங்கும். அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாட்டைவிட்டு வெளியேற்றவும் முடியும்.

ஒரு விலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, நடப்பில் உள்ள வேட்டை உரிமம் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. “ஆன்லைனில் வேட்டை லைசென்ஸ் எடுத்துக்கோ, முடிஞ்சது” என்று நண்பர்கள் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் அந்த உரிமம் காலாவதியான மறுநாளே வீட்டு அலமாரியில் இருக்கும் துப்பாக்கி சட்டவிரோதமாகிவிடும். பச்சை அட்டைக்குக் காத்திருக்கும் ஒருவர் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் இந்த வழியில் இறங்கவே கூடாது. குடியுரிமை பெற்ற நண்பரின் பெயரில் வாங்கி உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது இன்னும் மோசம். அது இருவரையும் சிறைக்கு அனுப்பக்கூடிய தனிக் குற்றம்.

பச்சை அட்டை உள்ளவர்களுக்கும் குடிமக்களுக்கும் மத்தியச் சட்டத்தில் இந்தத் தடை இல்லை. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். பின்னணிச் சோதனை நடக்கும். வயது வரம்பு, காத்திருப்புக் காலம், அனுமதி அட்டை போன்றவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

நம்பிக்கை: விலை குறைந்தது என்றால் நம்ப முடியாது.

துப்பாக்கி விஷயத்தில் நான் மனதார மறுக்கும் நம்பிக்கை இது. பம்ப் ஷாட்கன் பழைய, எளிய பொறி. ரெமிங்டன் 870 சந்தைக்கு வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மோஸ்பர்க் 500 அறுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. அடிப்படை அமைப்பு அதன் பிறகு பெரிதாக மாறவில்லை.

மோஸ்பர்க் நிறுவனமே மேவரிக் 88 என்ற பெயரில் ஒரு மலிவு வகையை விற்கிறது. 250 டாலரை ஒட்டிக் கிடைக்கும். மோஸ்பர்க் 500, 590 வகைகளுக்கு 400, 500 டாலர் ஆகும். என்ன வித்தியாசம்? 500-ல் பாதுகாப்புப் பொத்தான் துப்பாக்கியின் முதுகில், கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கும், இடதுகைக்காரருக்கும் வசதி. 88-ல் அது விசைப் பகுதியில் குறுக்காக அழுத்தும் பொத்தான். மேற்பூச்சிலும் மெருகிலும் 88 கொஞ்சம் குறைவு. மற்றபடி இரண்டும் ஒரே குடும்பம். தோட்டாக் குழாயின் நீளம் ஒத்திருந்தால் ஒன்றின் குழல் மற்றதில் பொருந்தும். ஒரு வீட்டில் ஆண்டுக்குச் சில முறை பயிற்சிக்கு எடுத்துப்போக, மற்ற நாளெல்லாம் பூட்டி வைக்க, மேவரிக் 88 தாராளமாகப் போதும். மிச்சமாகும் 200 டாலரில் ஒரு நல்ல பூட்டுப் பெட்டியும் ஒரு நாள் பயிற்சி வகுப்பும் வாங்கலாம். விளக்கு, லேசர், தோட்டா வைக்கும் பட்டை என்று மேலே மாட்டும் பொருள்களுக்கு அந்தப் பணத்தைச் செலவழிப்பவர்கள்தான் அதிகம். அது தப்பான கணக்கு.

பழைய 870 ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கத் தகுந்தது. ரெமிங்டன் 2018-லும் 2020-லும் திவாலானாலும், கோடிக்கும் மேல் விற்ற துப்பாக்கி என்பதால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். குழல் 18 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. 1934-ம் ஆண்டுச் சட்டப்படி அதைவிடக் குட்டையான ஷாட்கனுக்குத் தனிப் பதிவு வேண்டும். வீட்டுப் பட்டறையில் குழலை அறுத்துக் குட்டையாக்குவது கடும் குற்றம்.

விலையைவிட முக்கியமானது அளவு. பெரும்பாலான ஷாட்கன்களின் பின்கட்டை ஆறடி அமெரிக்க ஆணின் கைக்கு ஏற்றபடி செய்யப்பட்டது. விசையிலிருந்து கட்டையின் நுனிவரை ஏறக்குறைய 14 அங்குலம் இருக்கும். ஐந்தடி இரண்டங்குலப் பெண் ஒருவர் அதைத் தோளில் வைத்துப் பார்க்கட்டும். முன்கைப்பிடியை எட்டிப் பிடிக்கவே இடது கை முழுக்க நீண்டுவிடும்; கட்டை தோள்குழியில் அமராமல் புஜத்துக்கு நழுவும்; உடம்பு பின்னால் சாயும். அந்த நிலையில் 12 கேஜ் தோட்டா ஒன்று வெடித்தால் புஜம் கன்றிப்போகும். ஒருமுறை அப்படி உதை வாங்கியவர் அடுத்த முறை சுடும் முன்பே கண்ணை மூடிக்கொள்வார். இளையோர் அளவில் 20 கேஜ் வகை வருகிறது. கட்டை 12, 13 அங்குலம்தான். 12 கேஜ்தான் வேண்டும் என்றால் கட்டையை மாற்றி, உதை குறைத்த தோட்டா வாங்கலாம். வீட்டில் யார் யார் எடுக்கக்கூடுமோ அவர்களில் சிறிய உருவம் உள்ளவருக்குப் பொருந்துவதே சரியான அளவு. ஆண்கள் தங்கள் தோளுக்கு அளவு பார்த்து வாங்கி, மனைவி தனியாக இருக்கும்போது உதவும் என்று நினைப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம்பிக்கை: குறி பார்க்க வேண்டாம், ரவை தானாகப் பரவும்.

பரவும், ஆனால் வீட்டுக்குள் இருக்கும் தூரத்தில் அல்ல. தற்காப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் டபுள்-ஆட் பக்‌ஷாட் தோட்டாவில் 8 அல்லது 9 ஈய உருண்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஐந்து மீட்டர் தூரத்தில் அவை பரவும் அகலம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை. நவீன தோட்டாக்கள் சிலவற்றில் அதுவும் இல்லை. எல்லா உருண்டையும் ஒரே ஓட்டையாகப் போகும். கைத்துப்பாக்கியைப் போலவே இதிலும் குறி தவறும்.

தவறினால் எங்கே போகும்? செங்கல் சுவர் வீட்டில் வளர்ந்த நமக்கு இது உறைப்பதில்லை. அமெரிக்க வீட்டின் உட்சுவர் என்பது மரச்சட்டத்தின் இருபுறமும் அறைந்த அரை அங்குல ஜிப்சம் பலகை. பக்‌ஷாட் அதில் ஒன்றை மட்டுமல்ல, வரிசையாகப் பல சுவர்களைத் துளைத்துப் போகும். அந்தப் பக்கம் குழந்தைகள் அறை இருக்கலாம். டவுன்ஹவுஸ் என்றால் பக்கத்து வீடே இருக்கலாம். “அப்படியானால் பறவையைச் சுடும் பொடி ரவையைப் போடு” என்பார்கள். அதுவும் அருகிலிருந்து சுட்டால் சுவரைத் துளைக்கும். ஆனால் தாக்க வருபவனை நிறுத்தும் ஆழத்துக்கு உடம்புக்குள் போகும் என்று சொல்ல முடியாது. சுவரில் நின்று, ஆளை மட்டும் நிறுத்தும் தோட்டா என்று ஒன்று கிடையாது. வாங்கும் முன்பே, எந்த இடத்தில் நின்று எந்தத் திசையில் சுட்டால் யார் மீதும் படாது என்று பகல் வெளிச்சத்தில் வீட்டைச் சுற்றிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அப்படி ஒரு திசையே இல்லாத வீட்டில் துப்பாக்கி உதவாது.

நம்பிக்கை: ஒரு குண்டு பட்டால் ஆள் பறந்துபோய் விழுவான்.

சினிமா. ஒரு தோட்டாவின் ஈயம் மொத்தம் 31 கிராம், வேகம் நொடிக்கு 400 மீட்டர். 70 கிலோ ஆளை அது நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில்கூடத் தள்ளாது. ஆளைப் பறக்கவைக்கும் விசை இருந்திருந்தால் சுடுபவரும் எதிர்த்திசையில் பறந்திருப்பார்.

நம்பிக்கை: கைப்பிடியை இழுக்கும் சத்தமே போதும்.

சிலர் ஓடலாம். ஓடாதவனுக்கு அந்தச் சத்தம் மூன்று விஷயம் சொல்கிறது: நீங்கள் விழித்திருக்கிறீர்கள், எங்கே நிற்கிறீர்கள், இதுவரை அறையில் தோட்டா இல்லாமல் இருந்தது. அவன் கையிலும் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அந்தச் சத்தத்தின் பின்னால் இருக்கும் செயலும் எளிதல்ல. பதற்றத்தில் கை கைப்பிடியை முக்கால்வாசி இழுத்துவிட்டு முன்னே தள்ளிவிடும். சுட்ட கூடு முழுதாக வெளியே வராது, அல்லது அடுத்த தோட்டா ஏறாது. விசையை அழுத்தினால் வெறும் சொடுக்கு. பம்ப் துப்பாக்கி சிக்காது என்ற பெயர் பழகிய கைக்கு மட்டும் பொருந்தும். வெடிமருந்து இல்லாத பயிற்சித் தோட்டாக்கள் சில டாலருக்குக் கிடைக்கின்றன. அவற்றை வைத்து, கைப்பிடியை முடிவு வரை இழுத்து அடித்துத் தள்ளும் பழக்கத்தைக் கைக்கு ஏற்ற வேண்டும்.

நம்பிக்கை: வாசலில் வந்தவனைச் சுடலாம், வானத்தை நோக்கியாவது சுடலாம்.

2013-ல் அப்போதைய துணை ஜனாதிபதி ஜோ பைடனே, ஷாட்கன் வாங்குங்கள், பிரச்சினை என்றால் பால்கனிக்குப் போய் இரண்டு முறை சுடுங்கள் என்று சொன்னார். ஊருக்குள் அப்படிச் சுடுவது பல இடங்களில் குற்றம். அதை நம்பிச் செய்தால் உங்கள் மீதுதான் வழக்கு வரும்.

அதே ஆண்டு நவம்பரில் மிச்சிகனின் டியர்பார்ன் ஹைட்ஸ் நகரில் நடந்ததை மறக்கவே கூடாது. சில மணி நேரம் முன்பு கார் விபத்தில் சிக்கிய 19 வயதுப் பெண் ஒருவர் விடியும் முன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். வீட்டுக்காரர் 12 கேஜ் மோஸ்பர்க்குடன் உள்கதவைத் திறந்து, வலைக்கதவு வழியாகவே சுட்டார். அந்தப் பெண் அங்கேயே இறந்தார். தவறுதலாக வெடித்துவிட்டது என்று முதலில் சொன்ன வீட்டுக்காரர், பிறகு உள்ளே புகுந்துவிடுவார்கள் என்று பயந்து தற்காப்புக்குச் சுட்டதாகச் சொன்னார். ஜூரி ஏற்கவில்லை. 2014-ல் கொலைக் குற்றத்தில் தண்டனை விதிக்கப்பட்டது. கதவு பூட்டியிருந்தது, தொலைபேசியில் 911-ஐ அழைத்திருக்கலாம். வீட்டில் இருப்பவருக்குச் சட்டம் தரும் உரிமை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம், குடும்பத்துடன் ஓர் அறையில் இருந்தபடி போலீஸை அழைப்பவரை எந்த மாநிலமும் தண்டிப்பதில்லை.

நம்பிக்கை: தோட்டா ஏற்றி, கட்டிலுக்கு அடியில் வைத்தால்தான் அவசரத்துக்கு உதவும்.

பம்ப் ஷாட்கன்கள் பெரும்பாலானவற்றில் பாதுகாப்புப் பொத்தான் விசையை மட்டுமே தடுக்கிறது. குழலின் அறையில் தோட்டாவுடன் துப்பாக்கி கீழே விழுந்தால் பொத்தான் போட்டிருந்தாலும் வெடிக்க வாய்ப்பு உண்டு. பயிற்சியாளர்கள் அறையைக் காலியாக வைத்து, குழாயில் மட்டும் தோட்டா வைக்கச் சொல்வது இதனால்தான். அதுவும் பூட்டுக்குள்.

கொள்ளைக்காரனைவிட நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. அமெரிக்காவில் ஆண்டுதோறும் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். துப்பாக்கியால் முயல்பவர்களில் பிழைப்பவர் மிகச் சிலரே. மதிப்பெண், விசா, வேலை பறிபோதல் என்று நம் வீடுகளில் வாய்விட்டுச் சொல்லாத அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று நமக்கே தெரியும். சாவி எங்கே என்று தெரிந்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெட்டி பூட்டிய பெட்டி அல்ல. மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்ட் பள்ளியில் 2021-ல் மாணவன் ஒருவன் நான்கு பேரைச் சுட்டுக் கொன்ற வழக்கில், துப்பாக்கியை அவன் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்காத தாய், தந்தை இருவருக்குமே 2024-ல் சிறைத் தண்டனை கிடைத்தது. வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லை என்றால் துப்பாக்கி வாங்கும் திட்டத்தையே தள்ளிப் போடுங்கள். ஏற்கெனவே இருந்தால் வீட்டைவிட்டு வெளியே அனுப்புங்கள். 988 என்ற எண்ணில் எந்நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள்.

நகையை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். கதவுச் சட்டத்தில் மூன்று அங்குல திருகாணி போடுங்கள். வெளிவிளக்கும் அலாரமும் பொருத்துங்கள். அதற்குப் பிறகும் துப்பாக்கி வேண்டும் என்று தோன்றினால், விசா நிலையைச் சரிபார்த்து, அதை எடுக்கக்கூடியவர்களில் சிறிய உருவம் உள்ளவரின் தோளுக்குப் பொருந்தும் மலிவான பம்ப் ஒன்றை வாங்குங்கள். வாங்கும் அன்றே பூட்டும் வாங்குங்கள். பூட்டுக்குக் காசு இல்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பல ஊர்களில் காவல் நிலையத்திலேயே கேபிள் பூட்டை இலவசமாகத் தருகிறார்கள்.