மடிவீக்கமும் பசுவின் உடற்காவலும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலே, நெற்காணியுடன் மாட்டுப்பட்டியும் வைத்திருக்கும் கமக்காரர் பலர். பெரும்போக மாரியில் பட்டி சேறாகிவிடும். அச்சேற்றிலும் சாணத்திலும் படுத்தெழும்பும் பசுவுக்கு மடிவீக்கம் எளிதில் உண்டாகின்றது.

நோயுற்ற மடியின் பாலைக் கறுப்புத் துணியொன்றிற் பீச்சிப் பார்த்தால் சிறு திரள்கள் தங்குவதைக் காண்பீர்கள். பால் கெட்டதனால் வந்தவை என்று அவற்றைக் கழுவி விட்டுவிடுவோர் உளர். அவை யாவை என்பதை அறிந்தால் அங்ஙனம் விடமாட்டீர்கள். கிருமியோடு பொருது மடிந்த வெண்குருதிக் கலங்களும் உறைந்த பாற்புரதமுமே அத்திரள்கள்.

முலைக்காம்பின் நுனித் துவாரம் கறந்து முடிந்தபின் அரை மணி தொடக்கம் இரண்டு மணி நேரம் வரை முற்றாக மூடிக்கொள்வதில்லை. கிருமிகள் அவ்வழியே மடிக்குட் புகுகின்றன. மடியினுள் எப்போதும் தங்கியிருக்கும் காவற்கலங்கள் அவற்றை இனங்கண்டு, சில இரசாயனப் பொருள்களைச் சுரந்து செய்தி விடுக்கின்றன. உடனே மடியின் குருதிக் குழாய்கள் விரிய, வெண்கலங்கள் அவற்றின் சுவரூடே நுழைந்து பாலிற் சேர்ந்து, கிருமிகளை விழுங்கிக் கொல்லுகின்றன. நலமுள்ள மடியின் பாலில் மில்லிலீற்றருக்கு 100,000க்குக் குறைவான கலங்களே பெரும்பாலும் உண்டு. 200,000க்கு மேற்பட்டால் நோய் புகுந்துள்ளதெனக் கொள்ளலாம். மடி சூடேறுவதும் வீங்குவதும் நோவதும் இப்போரின் அடையாளங்களே.

ஆனால் எல்லாக் கிருமிகளும் ஒரே விதமாக வருவன அல்ல. பரணிற் காவலிருந்தோர் இதனை அறிவர். யானை வந்தால் வட்டை முழுவதும் விழித்துக்கொள்ளும். பன்றியோ ஓசையின்றி நுழைந்து கிண்டிவிட்டுப் போகும். சாணத்திலிருந்து வரும் கோலிக் கிருமி யானையைப் போன்றது. அதன் புறத்தோலிலுள்ள நச்சுப்பொருளை உடல் உடனே உணர்வதால், சில மணி நேரத்தினுள் மடி கல்லாகி, பால் நீர்த்து, பசு காய்ச்சலுடன் தீன் மறுக்கும். ஸ்தபிலோகொக்கசு ஓரியசு என்னும் கிருமி பன்றியைப் போன்றது. உடலின் எதிர்ப்பை அது வலுவாகக் கிளப்பாது. தன்னை விழுங்கிய வெண்கலத்தினுள்ளேயே உயிரோடு இருக்கவும் வல்லது. வெளிக்கு மடி நன்றாகவே தோன்றும். பால் மட்டும் மெல்லக் குறையும்.

இன்னுமொன்று உண்டு. வெண்கலங்கள் கிருமியைக் கொல்லச் சுரக்கும் பொருள்கள் பால் சுரக்கும் இழையத்தையும் அரிக்கின்றன. போர் நீடித்தால் அவ்விடம் தழும்பாகி, அந்த முலை செத்துவிடும். பின்னர் எம்மருந்தாலும் அதனை மீட்க இயலாது. மடி வீங்கியதும் நாவூறு என்று கழிப்புச் செய்வார் உளர். கழிப்பதோடு எமக்கு வழக்கில்லை. அதன் பொருட்டு ஒரு நாளும் கழிந்துவிடலாகாது.

மறைந்த நோயை அறிய, 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வெளியிடப்பட்ட சோதனை முறையொன்று உதவும். வெண்கலங்களை உடைக்கும் திரவத்தைப் பாலோடு கலக்க, கலங்கள் மிகுந்த பால் கூழ்போலத் தடிக்கும். வீட்டிலும் செய்யலாம். அரை லீற்றர் நீரில் 15 கிராம் சலவைத்தூளைக் கரையுங்கள். ஒவ்வொரு முலையின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து, அதேயளவு கரைசலைச் சேர்த்துச் சுழற்றிப் பாருங்கள். தடிக்கும் பாலைத் தந்த முலையை ஐயுற்று, மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். சோதித்த பாலை ஊற்றிவிடுங்கள்.

கறப்பவரின் கையாலும் துடைக்கும் துணியாலுமே ஸ்தபிலோகொக்கசு பசுவுக்குப் பசு தாவுகின்றது. ஆதலால் நோயுற்ற பசுவைக் கடைசியிற் கறவுங்கள். ஒரே துணியாற் பல மடிகளைத் துடையாதீர்கள். கறந்து முடிந்ததும் முலைக்காம்புகளை அயடீன் கரைசலில் தோய்த்து, தீனிட்டுப் பசுவை நிற்க வையுங்கள். துவாரம் மூடுமட்டும் அது படுக்காதிருத்தல் வேண்டும். மரக்கறித் தோட்டத்துக்கென வைக்கும் எருக்குவியல் கறக்குமிடத்துக்கு எட்ட இருக்கட்டும்.

கடையில் மருந்து வாங்கித் தாமே ஏற்றுவது கூடாது. வெண்கலத்தினுள் ஒளிந்த கிருமியை அம்மருந்து பெரும்பாலும் எட்டுவதில்லை. பால் வற்றுங் காலத்திற் செய்யும் சிகிச்சையே சில பசுக்களுக்குக் கூடிய பயன் தரும். எதனை எப்போது செய்வதென்று வைத்தியரே முடிவுசெய்வார். மருந்திட்ட பசுவின் பாலை அவர் குறித்த நாள்வரை விற்கவோ தயிருக்குச் சேர்க்கவோ வேண்டாம். மருந்து கலந்த பாலில் உறைமோர் வேலை செய்யாது. ஒரு பசுவின் பாலால் அன்றைய சட்டிகள் அனைத்தும் உறையாமற் போகக்கூடும்.