பின்னுமுன் பாதத்தை அளந்துவிடுங்கள்

கிரானில் கம்பளிச் சப்பாத்து பின்னுகிறவர்கள் அதைத் தங்களுக்கென்று பின்னுவது அரிது. மார்கழி மழையிலும் இங்கே வெறுங்காலோடு நடமாடலாம். பின்னுவதெல்லாம் ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கும் சூரிச்சில் இருக்கும் மச்சாளுக்கும்தான். அங்கே வெளிச்சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தரையில் நடக்க வேண்டியிருக்கிறது. கணுக்கால்வரை மூடும் குரோஷே சப்பாத்து அதற்கு ஏற்றது. ஆனால் பொதி போய்ச் சேர்ந்த பிறகு தொலைபேசியில் வரும் குறைகள் ஒரே மாதிரியானவை: லூசாகக் கிடக்கிறது, கால் உள்ளே போகவில்லை, அடி வளைந்து நிற்கிறது, வழுக்குகிறது. உங்கள் கை சரியில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். இந்த நான்கிற்கும் தெளிவான காரணங்கள் உண்டு, நான்கையும் திருத்தலாம்.

முதற்காரணம், சப்பாத்து இலக்கத்தை நம்பிப் பின்னுவது. ஐரோப்பாவில் 38 என்பது பிரித்தானியாவில் ஏறத்தாழ 5. அதுவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே இலக்கத்தைக் கேட்காதீர்கள், சென்ரிமீற்றரைக் கேளுங்கள். உறவினர் மாலை நேரத்தில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, கடதாசியில் ஏறி நின்று இரு பாதங்களையும் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து வரையட்டும். மூன்று அளவுகள் போதும்: பாத நீளம், விரல்களுக்குக் கீழே அகலமான இடத்தின் சுற்றளவு, குதிகாலையும் மேற்பாதத்தையும் சேர்த்துச் சரிவாகச் சுற்றிய அளவு. பலரும் மறப்பது மூன்றாவதை. கணுக்காலின் சுற்றளவு 22 சென்ரிமீற்றராக இருந்தாலும், குதிகால் நுழையும் வாய் 30 சென்ரிமீற்றருக்கு மேல் விரிய வேண்டியிருக்கும். "கால் போகுதில்ல" என்ற குறை இங்கேதான் பிறக்கிறது.

பின்னல் துணி போடப் போட விரியும். அதனால் அடியைப் பாத நீளத்தைவிட ஒரு சென்ரிமீற்றர் குறைவாகப் பின்னுங்கள். 24 சென்ரிமீற்றர் பாதத்துக்கு 23 சென்ரிமீற்றர் அடி சரியாக இருக்கும்.

அடுத்தது இறுக்க அளவு (பத்து சென்ரிமீற்றரில் எத்தனை தையல், எத்தனை வரிசை விழுகிறது என்பது). நூல் உருண்டையின் சீட்டில் 5.5 மில்லிமீற்றர் ஊசி என்றிருந்தால், அது சால்வைக்கும் சட்டைக்கும் சொன்ன அளவு. சப்பாத்துக்குப் பின்னல் நெருக்கமாக இருக்க வேண்டும், 4.5 மில்லிமீற்றர் ஊசியை எடுங்கள். உள்ளங்கை அளவில் ஒரு சதுரம் பின்னி எண்ணிப் பாருங்கள். காணொளி பார்த்துப் பின்னுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிரித்தானியப் புத்தகத்தில் டபுள் குரோஷே எனப்படுவதை அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்பார்கள். இரண்டையும் குழப்பினால் வரிசை உயரமாகிப் பின்னலில் ஓட்டை தெரியும். நான் இங்கே தையல் என்று சொல்வது அமெரிக்கரின் சிங்கிள் குரோஷேயைத்தான்.

அடியை நீள்வட்டமாகத் தொடங்குங்கள். அடியின் நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தால் தொடக்கச் சங்கிலியின் நீளம் கிடைக்கும். 23 சென்ரிமீற்றர் நீளம், 8.5 அகலம் என்றால் சங்கிலி 14.5 சென்ரிமீற்றர், பத்து சென்ரிமீற்றருக்கு 15 தையல் விழுகிற கைக்கு அது ஏறத்தாழ 22 தையல். சங்கிலியின் இரு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பின்னும்போது ஒவ்வொரு நுனியிலும் மூன்று, ஆக ஒரு சுற்றுக்கு ஆறு தையல் கூட்டுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை மேசையில் வைத்துப் பாருங்கள். அப்பம்போல விளிம்பு மேலே எழும்பினால் கூட்டல் போதவில்லை. விளிம்பு அலையடித்தால் கூட்டல் அதிகம். அந்தச் சுற்றை உடனே அவிழ்த்துத் திருத்துங்கள். பின்னால் இழுத்துச் சரிக்கட்டலாம் என்று விட்டால் கடைசிவரை சரிவராது. இதேபோல இன்னொரு அடியும் பின்னி இரண்டையும் சேர்த்துத் தைத்தால் குளிர் ஏறாது, அடியும் சீக்கிரம் தேயாது.

மேற்பகுதிக்குப் போகும் முதற்சுற்றைத் தையலின் பின்கண்ணியில் மட்டும் பின்னுங்கள். அடிக்கும் சுவருக்கும் இடையில் மடிப்பு நேராக விழும். கூட்டல் இல்லாமல் மூன்று நான்கு சுற்று ஏறியதும், விரற்பக்கத்தில் மட்டும் இரண்டு தையலை ஒன்றாக்கிக் குறைத்துக்கொண்டே மேற்பாதம்வரை வாருங்கள். இரு ஓரங்களிலும் ஒரே எண்ணிக்கையில் குறைக்காவிட்டால் மூக்கு ஒரு பக்கம் திரும்பிவிடும். கணுக்கால் பகுதியை நீட்டுவாக்கில், பின்கண்ணி வரிசைகளாகப் பின்னிச் சுற்றித் தையுங்கள். அது இழுபட்டுக் குதிகாலுக்கு வழிவிட்டுத் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

வழுக்குவதைச் சிறு குறையாக எண்ணாதீர்கள். நூலடி ரைல்ஸ் தரையிலும் பலகைத் தரையிலும் சறுக்கும்; வயதானவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். மெல்லிய தோலை, சொரசொரப்பான பக்கம் தரையைப் பார்க்க, ஓரத்தில் துளையிட்டு மெழுகு நூலால் தையுங்கள். தோல் கிடைக்காவிட்டால் துணிக்கென்று விற்கும் ரப்பர் பூச்சைப் புள்ளிபுள்ளியாக வைத்து நன்கு உலர விடுங்கள். சைக்கிள் ரியூபை வெட்டித் தைத்தாலும் பிடிப்பு வரும், ஆனால் வெளிர்நிறத் தரையில் கருங்கோடு விழும்.

குறுக்குவழிகளை விட்டுவிடுங்கள். உடனே ஒட்டும் சூப்பர் குளூ பருத்தி, கம்பளி நூல்களில் பட்டால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். காய்ந்த பிறகு கல்லுப்போல இறுகிக் காலைக் குத்தும். லூசான சப்பாத்தைக் கொதிநீரில் போட்டால் சுருங்கும் என்பார்கள். அசல் கம்பளி சுருங்கும், ஆனால் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, திரும்பவும் விரியாது. அக்ரிலிக் அப்படிச் சுருங்காது. அதன்மேல் சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் துவண்டு பளபளத்துப் போகும். லூசாக இருந்தால் கணுக்காலில் கண்ணிகளுக்கிடையே நாடா கோத்து அனுப்புங்கள், அது போதும்.

இங்கே மாரி தொடங்கிவிட்டால், புலிபாய்ந்தகல் பக்கம் வெள்ளம் ஏறும் நாட்களில், வீட்டுக்குள் எதுவும் முழுதாக உலராது. பின்னிய சப்பாத்தை ஈரப்பதத்தோடு பொலித்தீனில் கட்டினால் பொதி போய்ச் சேருமுன்பே பூஞ்சணம் பிடித்து மணக்கும். வெயில் கண்ட நாளில் நிழலில் விரித்து உலர்த்தி, அதன் பிறகு பொதி செய்யுங்கள். கம்பளியைப் பூச்சி அரிக்கும். அக்ரிலிக்கை அவ்வளவாகத் தொடாது. அதற்காக நப்தலின் பூச்சியுருண்டையைக் குழந்தைகளின் சப்பாத்தோடு வைக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு அது செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பின்னும்போது கூடுதல் கவனம் வேண்டும். அவர்களின் பாதம் மரத்திருந்தால் உள்ளே இருக்கும் முடிச்சு புண்ணாக்குவதும் தெரியாது. முடிச்சுகளையும் இணைப்புத் தையலையும் வெளிப்பக்கம் வையுங்கள், கணுக்காலை இறுக்காதீர்கள்.

கடைசியாக, சப்பாத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். நூல் என்ன வகை, குளிர்நீரில் கையால் கழுவ வேண்டும், உலர்த்தும் இயந்திரத்தில் போடக் கூடாது, மாடிப்படியில் இதோடு இறங்கக் கூடாது என்று அதில் எழுதுங்கள். அவர்களின் பாத அளவை உங்கள் கொப்பியிலும் குறித்து வைத்தால், அடுத்த சோடியைக் கேட்காமலே தொடங்கலாம்.